நீலத்துக்கு இரண்டு முடிச்சு

அக்கா,

நீங்கள் எனக்காக நெய்து கொடுத்த கட்டம் போட்ட புடவையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து இன்று காலை ஐந்து நூலை உருவி எடுத்தேன். எடுக்கும்போது மனசு உறுத்தத்தான் செய்தது. என்ன செய்வது, நேற்று டாக்டர் ஐந்தாவது மாத்திரையை எழுதிவிட்டார். சுகர், பிரஷர், தைராய்டு, முழங்கால் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டது போதாதென்று இப்போது இதயத்துக்கும் ஒன்று. கிழமைகள் எழுதிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மகன் வாங்கிவந்து கொடுத்தான். நல்ல பிள்ளை. அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். என் கை நூலைத்தான் தேடியது.

நான்கு அட்டைகளுக்குக் கட்டியாகிவிட்டது. ஐந்தாவது நூல் இதோ கையில் இருக்கிறது. அதைக் கட்டாமல் உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. பழைய கதையை முதலில் பேசிவிடுகிறேன்.

அப்போது நான் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பார்மசி டிப்ளமோ முடித்த கையோடு வந்தவள். எனக்குத் தெரியாத மருந்தே உலகத்தில் இல்லை என்ற நினைப்பு. நீங்கள் சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, கடைப் படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பீர்கள். நாற்பது வயதுகூட ஆகாத உங்களிடம் மூன்று டாக்டர்களின் சீட்டு இருந்தது. சுகருக்கு ஒருவர், இளைப்புக்கு ஒருவர், முட்டிக்கு ஒருவர். பிரஷரும் தைராய்டும் இவர்களுக்கு நடுவே அங்கும் இங்குமாக அல்லாடிக்கொண்டிருந்தன. ‘ஐயோ பாவம்’ என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை நினைத்து எத்தனையோ தடவை வெட்கப்பட்டிருக்கிறேன்.

மாத்திரைகளை எடுத்துக் கொடுத்ததும் நீங்கள் கிளம்பமாட்டீர்கள். இடுப்பில் செருகியிருந்த சின்னத் துணிப்பையை அவிழ்த்து, அதிலிருந்து பட்டு நூல் துண்டுகளை எடுப்பீர்கள். தறியில் வெட்டி மிஞ்சிய துண்டுகள். ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் ஓட்டை போட்டு ஒரு நூல் கட்டுவீர்கள். சுகருக்குச் சிவப்பு, பிரஷருக்குப் பச்சை, இளைப்புக்கு நீலம், முட்டி வலிக்கு வெள்ளை. தைராய்டு மாத்திரை குப்பியில் வரும். அதன் கழுத்தில் மஞ்சள். சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது என்றால் அட்டையின் தலைப்பக்கம், பின்னால் என்றால் கால்பக்கம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இன்னாக்கா, மாட்டுக்குக் கயிறு கட்டுற மாதிரி மாத்திரைக்குக் கட்டிகினு இருக்கிறீங்க?”

நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீ இங்கிலீஸ் படிச்சிருக்கிற, அட்டைய பார்த்து படிக்கிற. நான் கலர் படிச்சிருக்கிறேன்.”

படிப்பு யாருடையது பெரியது என்று இரண்டே மாதத்தில் தெரிந்துபோனது. நான் கொடுத்த சுகர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நம்ம மாத்திர இல்லம்மா” என்றீர்கள். அதே கம்பெனி, அதே பேர் என்று நான் எரிச்சலோடு சொன்னேன். “பேரு இருக்கட்டும். இந்த செவப்பு வேற. போன மாசத்துது கொஞ்சம் மாந்துளிர் மாதிரி இருந்துச்சி.” அட்டையில் அச்சடித்திருந்த ஒரு மெல்லிய கோட்டைத்தான் சொன்னீர்கள். வாங்கிப் பார்த்தேன். எழுத்து எல்லாம் சரி, அளவு மட்டும் இரண்டு மடங்கு. அவசரத்தில் தப்பான டப்பாவிலிருந்து எடுத்துவிட்டேன். அதைச் சாப்பிட்டிருந்தால் தறியிலேயே மயங்கி விழுந்திருப்பீர்கள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும், “சரி வுடு, மாத்திக் குடு ஜல்தியா, பஸ்சு பூடும்” என்றீர்கள். அன்றிலிருந்து நிறம் விஷயத்தில் உங்களிடம் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த முடிவுதான் பிறகு வினையாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்ததும் சேவூரில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவள் உங்கள் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தீர்கள். தலைக்கு மேலே தறிக்கட்டையில் ஐந்து நூல், ஐந்து மருந்து வரிசையாகத் தொங்கின. எழுந்ததும் மஞ்சள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது; அந்த நேரத்தில் ஒரு சாண் நெய்துவிடுவீர்கள். அப்புறம் சிவப்பு, இட்லி, பச்சை. இளைப்பு வந்தால், குறுக்கே நூலை ஓட்டுகிற நாடாவை நிறுத்தி, பக்கத்தில் வைத்திருக்கும் மருந்தை இரண்டு முறை இழுத்து, கண்ணை மூடிப் பத்து எண்ணுவீர்கள். முட்டி மடங்காதபோது இரண்டு கையாலும் காலைத் தூக்கிக் குழிக்குள் இறக்குவீர்கள். இத்தனைக்கும் நடுவே வீட்டுக்காரரோடு ஏதோ ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், எனக்கு மோர் கொடுக்கச் சொன்னீர்கள். நான் அந்த மோரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றேன். நெய்வது ஒரு வேலை என்றால், உடம்பைப் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிறாள். இப்படி ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

டாக்டர்களிடம் நீங்கள் பேசியதை என்னிடம் நடித்துக் காட்டுவீர்களே! இளைப்புக்குத் தருகிற மாத்திரை சுகரை ஏற்றும். சுகர் டாக்டர் திட்டுவார். முட்டிக்குப் போடுகிற மாத்திரை பிரஷரை ஏற்றும். அதற்கு இன்னொருவர் திட்டுவார். ஒருநாள் மூன்று சீட்டையும் ஒரே டாக்டரின் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்து, “சார், ஒரு இழைய இழுத்தா பக்கத்து இழ சுருங்குது. நீங்க உங்க இழைய மட்டும் பார்த்துகினு இருக்கிறீங்க. கொஞ்சம் பாவு முழுசா பாருங்க” என்று சொன்னீர்களாம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அரை மணி நேரம் உங்களை உட்கார வைத்துப் பேசினாராம். பாகற்காய்ச் சாறு குடி, தாயத்து கட்டு என்று ஊரார் சொல்கிற வைத்தியங்களுக்கு மட்டும் நீங்கள் பதிலே சொல்வதில்லை. “அதுங்ககிட்ட பேசினா அது ஒரு ஆறாவது பேஜாரு” என்பீர்கள்.

இனி அந்த மாதத்துக்கு வருகிறேன்.

மழைக்காலம். உங்களுக்கு இளைப்பு அதிகமாகிவிட்டது. டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதியிருந்தார். பத்து மாத்திரை உள்ள முழு அட்டையைக் கொடுத்து, ஐந்து நாளைக்கு மட்டும், அதற்கு மேல் ஒன்றுகூடப் போடக்கூடாது என்று நானும் மூன்று முறை சொன்னேன். அதோடு வழக்கமான பிரஷர் மாத்திரையும் ஒரு அட்டை. இரண்டுமே சின்ன வெள்ளை மாத்திரை, வெள்ளி அட்டை. நீங்கள் பையை அவிழ்த்து நூல் கட்டினீர்கள். கடையில் கூட்டம். யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தேன். பிரஷர் அட்டையில் நீலத்தைக் கட்டினீர்கள். இளைப்பு மாத்திரையில் பச்சை.

பார்த்தேன், அக்கா. நன்றாகப் பார்த்தேன். வாய்வரை வந்தது. பட்டு நெய்கிறவளுக்கு நிறம் சொல்ல நான் யார் என்று விழுங்கிவிட்டேன். மாற்றி வைத்திருப்பீர்கள், ஏதாவது கணக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆரணியில் எந்த மருந்துக்கடைக்காரியும் அப்படித்தான் நினைத்திருப்பாள் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவே இல்லை.

உங்கள் வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் உங்கள் வீட்டுக்காரர். காலையில் பச்சையை எடு என்றால் பச்சையை எடுத்துக் கொடுப்பார். நூலைப் பார்ப்பாரே தவிர அட்டையைப் பார்க்கமாட்டார். ஐந்து நாள் ஆனதும் நீலத்தை நிறுத்திவிட்டார். அதுதான் பிரஷர் மாத்திரை. பச்சையைத் தினமும் தவறாமல் கொடுத்தார். அதுதான் நிறுத்தியிருக்க வேண்டியது.

பதினோராம் நாள் நீங்கள் கடைக்கு வந்தபோது எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. முகம் வீங்கி, கண் இடுங்கி, உதடு காய்ந்து, தண்ணீர் தண்ணீர் என்று கேட்டீர்கள். காலியான அட்டையை நீட்டி, “பிரசர் மாத்திர தீந்துப் போச்சி, ஒரு அட்ட குடு. தல ஒரேடியா சுத்துது” என்றீர்கள். அட்டையில் பச்சை நூல் தொங்கியது. அட்டையைத் திருப்பினேன். பத்துக் குழியும் காலி. பேரை இன்னொரு முறை படித்தேன்.

“அக்கா, இது இளைப்பு மாத்திர.”

“பச்ச கட்டிக்கிறேனே?”

உங்கள் பையை வாங்கி இரண்டு நூலை எடுத்து நீட்டினேன். இது என்ன நிறம், அது என்ன நிறம் என்று கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து கடை வாசல் வெளிச்சத்துக்குப் போய் இரண்டையும் விரலில் சுற்றிப் பார்த்தீர்கள். நிறம் பார்க்க வேண்டுமென்றால் பகல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போவதுதான் உங்கள் பழக்கம். வெகுநேரம் நின்றீர்கள். திரும்பி வந்தபோது குரல் மாறிவிட்டிருந்தது.

“ரெண்டும் பச்சதானே?”

ஒன்று மயில்கழுத்து நீலம், அக்கா. மாந்துளிருக்கும் செம்பருத்திக்கும் நடுவே இருக்கிற சிவப்பைக் கண்டுபிடித்த கண், நீலத்தைப் பச்சை என்றது.

ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். இரண்டு மாதமாக வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னீர்கள். கட்டம் தப்பிவிட்டது என்று இரண்டு புடவையை முதலாளி திருப்பி அனுப்பிவிட்டாராம். நீலக்கோடு வர வேண்டிய இடத்தில் பச்சை வந்திருக்கிறதாம். உங்களுக்குத் தெரியவே இல்லையாம். “தூக்கக் கலக்கம்னு நெனச்சிகினு இருந்தேன். கண்ணு பூடுச்சுன்னா நான் எங்க போவேன்? காலு பூட்டும், மூச்சு பூட்டும், சமாளிச்சிக்கிறேன். கண்ணு பூட்டா எனக்கு இன்னா இருக்குது?” அன்றுதான் உங்களை அழுது பார்த்தேன். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்போதே சொல்லிவிட்டேன். “அன்னிக்கே நான் பார்த்தேன்க்கா. மாத்திக் கட்டுறீங்கன்னு பார்த்தேன். சொல்லல.”

மன்னித்துவிடுவீர்கள் என்று ஒரு நப்பாசை இருந்தது. நீங்கள் மன்னிக்கவில்லை. கண்ணீரோடு என்னை நிமிர்ந்து பார்த்து, கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினீர்கள்.

“பார்த்துட்டு வாய மூடிகினு இருந்தியா? அறுந்த இழைய அங்கியே புணைக்கணும்டி! அப்பறமா பார்த்துக்கலாம்னு வுட்டா பொடவ முடியுற வரிக்கும் கோடு வுழும். யாரு நெய்யிறாங்கன்றது கணக்கு இல்ல. பார்த்தவ சொல்லணும்!”

சரியான அடி. எனக்கு அது வேண்டியதுதான். ஆட்டோ பிடித்து நானே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் நீங்கள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தீர்கள், என் கையை மட்டும் விடவில்லை. மூன்று நாள் படுக்கையில் வைத்து சுகரையும் பிரஷரையும் இறக்கினார்கள். அங்கிருந்து வேலூருக்கு, கண் டாக்டரிடம். சுகர் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற ரத்தக்குழாயைக் கெடுத்துவிட்டது என்றார். லேசர் வைத்தால் இருப்பது நிற்கும், போனது திரும்பாது என்றார். மூன்று தடவை போய் வைத்துக்கொண்டு வந்தீர்கள்.

போனது திரும்பாது என்றதும் நான் உங்களுக்குப் பதிலாக மனசு உடைந்து போயிருந்தேன். இனி ஒரே நிறப் புடவைதான் நெய்வீர்கள், கட்டம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அடுத்த மாதம் கடைக்கு வந்தவர், ஸ்டூலில் உட்கார்ந்து பையை அவிழ்த்து, ஒரு நூலை என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள்.

“இது இன்னா கலரு?”

“பச்ச.”

அதில் ஒரு முடிச்சுப் போட்டீர்கள். அடுத்ததை நீட்டினீர்கள். நீலம் என்றேன். அதில் இரண்டு முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் விரலால் தடவி, “பச்ச. நீலம்” என்று சரியாகச் சொன்னீர்கள். பிறகு அதைத் தறிக்கும் கொண்டுபோனீர்கள். நீல நூல் ஓடுகிற நாடாவின் முனையில் இரண்டு முடிச்சுள்ள நூலைச் சுற்றினீர்கள், பச்சைக்கு ஒரு முடிச்சு. எந்த நாடா எந்த நிறம் என்று உங்கள் பிள்ளையோ வீட்டுக்காரரோ காலையில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இன்னொருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். “ஒரு கண்ண நம்பாத, ரெண்டாவது கண்ணக் கூப்புடு” என்பது உங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. அதற்குப் பிறகு உங்கள் கட்டம் ஒன்றுகூடத் தப்பவில்லை.

என் கல்யாணத்துக்கு நீங்கள் நெய்து தந்தது எந்தப் புடவை என்று நினைவிருக்கிறதா? வேண்டுமென்றே பச்சைக்கும் நீலத்துக்கும் கட்டம் போட்டு, நடுவே சிவப்பும் மஞ்சளும் ஓட்டி, அரக்கில் கரை வைத்தீர்கள். வீட்டுக்காரர் நான் நெய்கிறேன் என்றாராம், நீங்கள் குழியை விட்டு எழுந்திருக்கவில்லையாம். அதை வாசல் வெளிச்சத்தில் விரித்து, ஒரு முழுக் காலையும் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினேன். குற்றம் கண்டுபிடிக்க அல்ல. நம்ப முடியாமல்தான். உங்களுக்கே வேறுபாடு தெரியாத இரண்டு நிறங்கள், ஆறு கெஜம், ஒரு இழைகூட இடம் மாறவில்லை. உங்களைப் பார்த்து எனக்கு ஏற்பட்டதைப் பிரமிப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அதற்குப் பிறகும் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தீர்கள். ஐந்து நூல் ஏழு ஆனது. கடைசியில் சிறுநீரகம் கைவிட்டது. நீங்கள் போன பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்காரர் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளிலிருந்து நூல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். “மாத்திரையத் தூக்கிப் போட்டுடலாம்மா. முடிச்சு அவ போட்டது” என்றார். நானும் உட்கார்ந்து இரண்டு அவிழ்த்துக் கொடுத்தேன்.

சரி, இனிப் பயத்தைச் சொல்கிறேன்.

இன்று காலை உருவிய ஐந்தில், சுகருக்குச் சிவப்பு கட்டினேன். தைராய்டுக்கு மஞ்சள், பிரஷருக்குப் பச்சை, புடவையில் வெள்ளை இல்லாததால் முழங்காலுக்கு மட்டும் அரக்கு. மற்றதெல்லாம் உங்கள் முறைதான். இதயத்துக்கு நீலம் என்று நினைத்துத்தான் ஐந்தாவதை உருவினேன். கையில் எடுத்துப் பார்த்தால் அதுவும் பச்சையாகத் தெரிகிறது. ட்யூப்லைட் வெளிச்சம் என்று வாசலுக்கு எடுத்துப் போனேன். உங்களைப் போலவே விரலில் சுற்றிப் பார்த்தேன். அங்கேயும் பச்சைதான். புடவை பழசு, சாயம் மங்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் வருஷத்துக்கு ஒருதரம் கண்ணைக் காட்டு என்று தொண்டை வறளச் சொன்னவள் நான். நான் காட்டி மூன்று வருஷமாகிறது. ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு மணி நேரமாக இந்த நூலை வைத்துக்கொண்டு உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ரெண்டாவது கண்ணைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை. நீங்கள் உயிரோடு இருந்தால் இதற்கே ஒரு கத்து கத்தியிருப்பீர்கள்.

இப்போதுதான் கூப்பிட்டேன். மருமகள் அடுப்பங்கரையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. நூலை நீட்டி, “இது இன்னா கலரும்மா?” என்றேன்.

“நீலம், அத்தை” என்றாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிரஷர் அட்டையையும் தானே எடுத்துப் பார்த்து, “இது பச்சை. ஏன், உங்களுக்கு ஒரே மாதிரியா தெரியுதா? நாளைக்கே கண்ணைக் காட்டிடலாம், நான் லீவு போடுறேன்” என்றாள்.

பார்த்தவள் சொல்லிவிட்டாள், அக்கா. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வேலூருக்குப் போகிறோம்.

நீலத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டேன்.